கிட்னியோடு பேசும் காது

ஊரெல்லாம் ஒரே பேச்சு. காது மகான் வந்துவிட்டார்! மாற்றிவைத்த சிறுநீரகத்தோடு அவர் நேரடியாகப் பேசுகிறார். "எனக்கு இந்த உடம்பு பிடித்துவிட்டது" என்று அது ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆயுசுக்கும் மாத்திரை வேண்டாம். பட்டம் வாங்கியவர்கள்கூடக் காரில் வந்து வரிசையில் நின்றார்கள். சிறுநீரகம் பேசுமென்றால் நுரையீரல் பாடுமா என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

வாடகைக் கூடத்தின் வாசலில் பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று. பேட்டி முடிந்தவர்கள் தங்கள் மாத்திரைகளை அதில் கொட்ட வேண்டும். கலர் கலராக நிரம்பி வழிந்தது பக்தி.

தையல்காரனும் போனான். அக்கா கொடுத்த சிறுநீரகம் அவனுக்குள் ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. மாத்திரைகள்தாம் படுத்தின. முகம் உப்பியது. கை நடுங்கியது. அவன் ஊசியில் நூல் கோப்பதற்குள் வாடிக்கையாளர் கொட்டாவி விட்டார்.

மகான் அவன் முதுகில் பித்தளைக் குழாயை வைத்து, கண்ணை மூடி, "ம்... அப்படியா கண்ணு?" என்றார். பிறகு தீர்ப்பு: "சமாதானம் ஆயிடுச்சு. மாத்திரையை நிறுத்திடு."

ஜாடியில் கொட்ட மாத்திரை டப்பாவை எடுக்க வீட்டுக்குப் பறந்தான். டப்பாவோடு திரும்பினால் வாசலில் அக்கா. பேருந்து நடத்துனர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடிப்பவள்.

"டப்பாவோட எங்கடா ஓடற?"

"இனிமே மாத்திரை கிடையாதுக்கா! கிட்னிக்கு என் உடம்பு பிடிச்சுப்போச்சாம்!"

"அதுக்குப் பிடிச்சா ஆச்சா? உன் உடம்புக்கு அதைப் பிடிக்கணுமே! வெளியாள்னு நினைச்சு அடிச்சுத் துரத்தாம இருக்கத்தானே மாத்திரை? சரி, குழாயை எங்க வச்சாரு?"

"முதுகுல."

"டாக்டர் கிட்னியை எங்க வச்சுத் தச்சாரு?"

தையல்காரன் சட்டையைத் தூக்கிப் பார்த்தான். தழும்பு முன்னால், அடிவயிற்றின் வலப்பக்கம் இருந்தது.

"முதுகுப் பக்கம் இருக்கறது உன்னோட பழசு ரெண்டும். அதுங்க எப்பவோ படுத்தாச்சு."

"மகானுக்குத் தெரியாமலா இருக்கும்? குழாய்ல முன்பக்கம் வரைக்கும் கேக்கும்க்கா."

"நீ இடுப்பளவு எடுக்கக் கழுத்துல டேப் வைப்பியா? இன்னிக்கு மாத்திரையைப் போடு. நாளைக்கு அவர்கிட்ட நான் போறேன். அப்புறமும் நீ நம்பினேன்னா, டப்பாவை நானே கொட்டறேன்."

மறுநாள் கூட்டம் அலைமோதியது. தம்பியை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு அக்கா மேடையேறி உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கம்மா ஆபரேஷன்?"

"இடப்பக்கம்ங்க."

குழாய் முதுகின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டது. மகான் முகத்தில் அப்படியொரு பரவசம். "அடடா! கலகலன்னு பேசுது! சரியான வாயாடி! புது வீடு சௌக்கியமா இருக்காம்!"

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. அந்த இடத்துலதான் இருக்கா?"

"ஜம்முனு உட்கார்ந்திருக்கு! மாத்திரையே வேண்டாங்குது!"

அக்கா எழுந்தாள். கடைசி இருக்கை வரை கேட்டுப் பழகிய குரல் அது.

"எல்லாரும் கேட்டுக்குங்க! எனக்கு யாரும் கிட்னி வைக்கலை. நான் குடுத்தவ! இங்க இருந்ததை எடுத்து என் தம்பி வயித்துல வச்சாச்சு. மகான் இவ்வளவு நேரம் பேசினது காலி இடத்தோட!"

தையல்காரனுக்குத்தான் முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மகானே! அந்த வாயாடி இங்க இருக்கு!" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினான்.

"அது வந்து... போன கிட்னியோட நினைவு பேசிச்சு," என்று மகான் இழுத்தார்.

"இருக்கலாம், இருக்கலாம்," என்று ஒருவர் கைகூப்பினார். எந்தக் கூட்டத்திலும் அப்படி ஒருவர் இருப்பார்.

"அப்ப உங்க நினைவு மட்டும் இங்க இருக்கட்டும், நீங்க கிளம்புங்க!" என்றாள் ஒரு டீச்சர். கூடம் அதிர்ந்து சிரித்தது. சிரிப்பு ஓய்வதற்குள் மகான் பின்வாசலைக் கண்டுபிடித்துவிட்டார். அதைக் கண்டுபிடிக்க மட்டும் குழாய் தேவைப்படவில்லை.

கூட்டம் ஜாடியின் மேல் பாய்ந்தது. அக்கா குறுக்கே நின்றாள். "கண்டதை விழுங்காதீங்க! எது யாருதுன்னு யாருக்குத் தெரியும்? நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. நிறுத்தினதை மறைக்காம சொல்லுங்க!"

ஓடினார்கள். அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"கை நடுங்கறதை டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இல்லக்கா..."

"மகான்கிட்ட?"

"விலாவாரியா சொன்னேன்."

"ஏறுடா வண்டியில!"

சிறுநீரகத்தைத் தானம் கொடுங்கள். ஓர் உயிர் பிழைக்கும். இரண்டு காதுகளுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறதே, அதை மட்டும் எந்த மகானுக்கும் தானம் கொடுத்துவிடாதீர்கள்.