நாலு மாடியில் ஓர் ஆதிச்சொல்

"யாக்கு," என்றார் முடிவெட்டுகிறவர்.

வாசலில் நின்றவரின் பென்சில் அந்தரத்தில் நின்றது.

"உங்க துருக்கி பாஷையில கேக்குறேன். தண்ணிக்கு."

"யாக்கு."

"'சூ' இல்லையா?"

"அது புத்தகத்துல. வீட்ல தண்ணி வேணும்னா வாய்ல தானா என்ன வரும்னுதானே கேட்டீங்க? யாக்குதான் வரும்."

கதவு சாத்திக்கொண்டது.

அப்படிக் கேட்கச் சொல்லி அனுப்பியவர் மேடம்; அகராதி அலுவலகத்தின் தலைமைப் பதிப்பாசிரியர். வாசலில் நின்ற இவருக்கு அங்கே சொல்பொறுக்கி என்று பெயர். முன்பாதியை விட்டுவிட்டுக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. உலக மொழிகளில் தண்ணீருக்கு என்னென்ன சொல் என்று பதினொரு வருஷம் தேடிக் கட்டுரை எழுதியிருந்தார். பாஸ்க் மொழியில் 'ஊர்', ஹவாயில் 'வாய்'. "ஊர்வாயெல்லாம் தண்ணிதான் போலிருக்கே" என்று அச்சகத்துக்காரர்கூடச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

"எல்லாம் புத்தகத்துல இருந்து எடுத்தது. மனுஷ வாய்ல இருந்து ஒண்ணுகூட இல்ல. நாலு வீடு ஏறி இறங்கிக் கேட்டுட்டு வாங்க. இல்லன்னா கட்டுரையைத் தூக்கிருவேன்."

அதனால்தான், பல தேசத்து ஆட்கள் குடியிருக்கும் இந்த நாலு மாடிக் கட்டடத்தில் இவர் படியேறிக்கொண்டிருந்தார்.

யாக்கு இவருக்குத் தெரியாத சொல் அல்ல. கடலுக்கு அப்பால் மலைமேல் வாழும் கெச்சுவா மக்கள் தண்ணீரை அப்படித்தான் சொல்கிறார்கள். லத்தீன் 'ஆக்வா' மாதிரி இருக்கிறதே என்று ஒரு பத்தி எழுதி, தற்செயல் என்று முடித்திருந்தார். அது துருக்கிக்காரர் வாயில் எப்படி வந்தது?

காது கோளாறாக இருக்கும் என்று எதிர்வீட்டைத் தட்டினார். மங்கோலியத் தையல்காரம்மா. 'உஸ்' வரவேண்டும்.

"யாக்கு," என்றாள் அந்த அம்மா.

கேள்வியில் ஏதோ தப்பு என்று, வாசலில் கிடந்த காலி வாளியைக் காட்டினார். "இதைப் பாத்தா என்னம்மா ஞாபகம் வருது?"

அவள் பெருமூச்சு விட்டாள். "யாக்குதான்."

சொல்பொறுக்கி மேல்மாடிக்கு ஓடினார். சுவாஹிலி பேசும் சமையல்காரர். 'மாஜி' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நிம்மதியாக இறங்கிவிடலாம்.

"யாக்கு சார். காலையில கண் முழிச்சதும் அந்தப் பேரைத்தான் நினைக்கிறோம்."

'விடியலில் ஜபிக்கப்படுவது' என்று எழுதிக்கொண்டார்.

நாலாவது மாடியில் ஹங்கேரிய வயலின் டீச்சர். 'வீஸ்' என்று இவரே எடுத்துக்கொடுத்தும் பார்த்தார். அந்த அம்மா இல்லையென்று தலையாட்டிவிட்டாள். "யாக்கு. சொன்னாலே தொண்டை காயுது."

நாலு மொழிக்குடும்பம். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சொல்பொறுக்கி படியில் உட்கார்ந்துவிட்டார். மேடத்துக்குப் போன் போட்டார்.

நாலு வீட்டிலும் கேட்டதைச் சொன்னார்.

"உலக மொழிக்கெல்லாம் ஒரே தாய் கிடையாதுன்னு அகராதி முன்னுரையில அடிச்சுச் சொல்லியிருக்கேன். ஐயாயிரம் படி அச்சாயிருச்சு."

"என்ன பண்றது மேடம்?"

"கிழிக்கச் சொல்றேன். நீங்க அங்கேயே இருங்க."

அரைமணியில் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து இறங்கினார்.

"உங்ககிட்ட விளையாடுறாங்களோ என்னமோ. முற்றத்துல நின்னு ஒரு தடவை சத்தமாச் சொல்லுங்க. நெஜமாவே உள்ளுக்குள்ள இருக்கிற சொல்னா, கேட்டதும் உடம்பு அசையணும்."

சொல்பொறுக்கி தொண்டையைச் செருமிக்கொண்டு, வயிற்றிலிருந்து குரல் கொடுத்தார். "யாக்கு."

கட்டடம் அதிர்ந்தது. நாலு மாடிக் கதவுகளும் படார் படாரென்று திறந்தன. முடிவெட்டுகிறவர் இரண்டு வாளியோடு ஓடிவர, பின்னாலேயே பாதித் தாடி சிரைத்த ஆள் கழுத்துத் துண்டோடு வந்தார். தையல்காரம்மா, தோளில் அளவுநாடா தொங்க, ஒரு டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தாள். சமையல்காரர் அண்டாவோடு வந்தார். வயலின் டீச்சர் கையில் இரண்டு குடம். கண்ணிமைக்கும் நேரத்தில் வாசல்வரை வரிசை நின்றது.

மேடத்தின் கையிலிருந்து கருவி நழுவி விழுந்தது. அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த வாளியின்மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"முப்பது வருஷமா தப்புத் தப்பாப் பாடம் நடத்தியிருக்கேன்யா."

சொல்பொறுக்கிக்குக் கண் கலங்கியது. அந்த நேரத்தில் மேடத்தின் போன் அடித்தது. அச்சகத்துக்காரர். "ஐயாயிரத்தையும் கிழிச்சாச்சு மேடம்."

வரிசையில் நின்றவர்கள் காலியான தெருவைப் பார்த்தார்கள். பிறகு இவர்கள் இரண்டு பேரையும் பார்த்தார்கள். முணுமுணுப்பு எழுந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கையில் காலிக் குடத்தோடு வாட்ச்மேன் முன்னால் வந்தார்.

"ஏன் சார், தண்ணி லாரியே இன்னும் வரல, அதுக்குள்ள டிரைவர் பேரைச் சொல்லி ஏன் கத்துறீங்க, யாக்கு என்னிக்கு மூணு மணிக்கு முன்னாடி வந்திருக்கான்?"