ஒன்பதாம் பக்கத்து வளர்ச்சியும் முப்பத்தொன்றாம் பக்கத்து ஊடுருவலும்

நமுசாலா எல்லை,
ஜூலை 4.

நைரோபியில் வரவுசெலவுத் திட்டப் பிரிவின் இரண்டாம் மாடியில் வீற்றிருக்கும் என் அக்காள் மகன் ஜஸ்டஸ் மகோகாவுக்கு, உன் சின்னம்மா பெர்பெத்துவா நெரிமா ஆசி கூறி எழுதுவது. நான் கென்யாவில் நலம். உகாண்டாவிலும் நலம். உன் மனைவியும் குழந்தைகளும் அவ்வண்ணமே ஒரு நாட்டிலாவது நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவள் என்பதை உன் அம்மா எந்தக் கல்யாண வீட்டிலும் சொல்லத் தவறியதில்லை. ஆயினும் மந்தாசிப் பணியாரம் சுற்றிக் கொடுக்க எடைக்கு வாங்கும் அரசிதழ்களையும் நிதிநிலை உரைகளையும் எண்ணெய் படுவதற்கு முன் வாசித்துவிட்டே சுற்றுவது என் முப்பதாண்டு வழக்கம். அவ்வழக்கத்தின் பயனாகவே இந்த ஆண்டு உரையில் என்னை நான் இரண்டு இடங்களில் சந்தித்தேன். ஒன்பதாம் பக்கத்தில், "நமுசாலா எல்லையில் பெண் வணிகர்களின் சமைத்த உணவு வணிகம் ஒரே ஆண்டில் நாற்பது விழுக்காடு பெருகியுள்ளது" என்று அமைச்சர் பெருமிதம் கொள்கிறார். முப்பத்தொன்றாம் பக்கத்தில், "நமுசாலா எல்லையில் நாள்தோறும் நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள் அனுமதியின்றி நுழைவதைத் தடுக்க" வேலிக்கும் ஆறு காவலருக்குமாக இருபத்தெட்டுக் கோடி ஷில்லிங் ஒதுக்குகிறார். மகனே, அந்த வணிகர்களும் நான். அந்த நானூற்றுப் பன்னிரண்டு பெண்களும் நான்.

என் சாப்பாட்டுக் கடையின் அமைப்பை நீ அறிவாய். இந்தப் பக்கம் அடுப்புக்கு உரிமக் கட்டணம் கேட்டார்கள். அந்தப் பக்கம் மேசைக்குக் கேட்டார்கள். ஆகவே சட்டத்தை முழுமையாக மதித்து அடுப்பை உகாண்டாவிலும் மேசைகளைக் கென்யாவிலும் வைத்தேன். நடுவே ஓடும் சாக்கடைதான் சர்வதேச எல்லை. அதன் மேல் ஒரு பலகை. பதினோரு ஆண்டுகளாக அந்தப் பலகையில் தட்டும் கையுமாக நடந்துகொண்டிருக்கிறேன். இரண்டு அரசுகளுக்கும் ஒரு குறையும் தோன்றியதில்லை.

சென்ற ஆண்டு பிராந்திய வணிகக் கணக்கெடுப்புக்கு என்று சிமியு என்ற இளைஞர் வந்தார். அமுக்க அமுக்க எண் கூடும் சிறு கருவி ஒன்று அவர் கையில் இருந்தது. ஆறு மைல் எல்லைக்கும் அவர் ஒருவரே. மூன்று இடங்களில் மாறி மாறி உட்காரும்படி உத்தரவு. ஆனால் நிழலும் இஞ்சித் தேநீரும் என் பலகையருகே மட்டுமே இருந்தபடியால், ஆறு மைலையும் அங்கிருந்தே எண்ணி முடித்துவிட்டார். நான் தட்டோடு இப்பால் வந்தால் உணவு இறக்குமதி. எச்சில் தட்டோடு அப்பால் போனால், சமையல் பாத்திரங்கள் ஏற்றுமதி. இவ்வாறு இரு நாட்டு வணிகம் என் கையில் அணுவும் பிசகாமல் சமநிலை பெற்றது. இதில் என் தவறு சிறிதும் இல்லை என்று எழுதத்தான் விருப்பம். ஆனால் பெற்ற மகன்போல நீ இருக்க, மறைப்பானேன்? அவர் எண்ணுவதைக் கண்டதும், உழைக்கும் ஒரு பெண்ணின் உழைப்பு நைரோபி வரை தெரியட்டுமே என்று எனக்கு ஓர் உற்சாகம் பிறந்துவிட்டது. ஒரே தட்டில் போகக்கூடிய சப்பாத்தியையும் அவரையையும் இரண்டு தட்டாகப் பிரித்து இரண்டு நடையாக நடந்தேன். உப்புக் கிண்ணத்துக்குத் தனி நடை. நாற்பது விழுக்காடு வளர்ச்சி அப்படி வந்ததுதான்.

உரை வெளியானதும் சிமியுவைப் பிடித்துக் கேட்டேன், நடந்தது ஒரே ஆள் என்று கண்ணுக்குத் தெரியவில்லையா என்று.

"தெரியாம என்ன, நெரிமாம்மா. நான் எழுதுனது எத்தனை தடவைன்னுதான். மேல போகப் போக யாரோ தலைப்பைச் சுருக்கி, எத்தனை பேர்னு ஆக்கிட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு தேநீர் கேட்டார். கொடுத்தேன், கோபத்தில் இஞ்சியைக் குறைத்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரமே எல்லைக் கண்காணிப்பு வாரியத்திலிருந்து இன்ஸ்பெக்டர் கிப்லகாட் புது நாற்காலியோடும் முத்திரைப் பெட்டியோடும் வந்து பலகையின் தலைமாட்டில் அமர்ந்தார். மரியாதை தெரிந்த மனிதர். ஆனால் படிவத்தில் உள்ள கேள்விகளைக் கேட்டே தீர வேண்டியவர். அப்போது என் இரு கைகளிலும் ஆவி பறக்கும் உகாலிக் களி.

"எங்கம்மா போறீங்க?"

"ஆறாம் மேசைக்கு."

"எத்தனை நாள் தங்குறதா உத்தேசம்?"

"தட்டை வைக்கிற நேரம்."

"திரும்பிப் போறதுக்கு என்ன காரணம்னு எழுத?"

"அடுப்புல மீன் இருக்குன்னு எழுதுங்க சார். கருகினா உங்க பேரையும் சேர்த்து எழுதுங்க."

கம்பாலாவிலிருந்து வாழைத்தார் ஏற்றி வரும் லாரிக்காரர் முகிஷா, அந்த ஆறாம் மேசையில் பசியோடு இருந்தவர், அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "சார், அவங்களுக்கு விசா இல்லாட்டிப் பரவாயில்ல, களிக்கு மட்டும் முத்திரை குத்தி அனுப்புங்க." கடை முழுவதும் சிரித்தது. கிப்லகாட்டும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார். அன்று மதியம் மட்டும் அறுபத்தேழு படிவம். கார்பன் தாள் தீர்ந்துபோய், சாயங்காலம் அவரே என் மாவுக் கணக்கு நோட்டை இரவல் வாங்கினார்.

இதுவரை எழுதியது வேடிக்கை. இனி எழுதுவது வேடிக்கை அன்று. சென்ற செவ்வாய் வேலிக்கு அளவெடுப்பவர்கள் வந்து, சாக்கடையோரமாக, சரியாக என் அடுப்புக்கும் மேசைகளுக்கும் நடுவே, சிவப்பு வண்ணம் பூசிய முளைகளை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்பது அடி உயரக் கம்பி வேலியாம். அதன்பின் என் சோற்றை ஆறாம் மேசைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் பிரதான சாவடி வழியாக மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும். களி கல்லாகிவிடும். அடுப்பை இப்பால் கொண்டுவர இடமில்லை, மேசையை அப்பால் கொண்டுபோனால் ஆளில்லை. முப்பதாண்டு உழைப்பு, ஒரு கம்பியின் இரு புறத்திலும் தனித்தனியே நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

எனினும் நான் கலங்கவில்லை. வாதம் என் பக்கம் வலுவாக உள்ளது. முப்பத்தொன்றாம் பக்கம் வெற்றி பெற்றால் ஒன்பதாம் பக்கம் அழியும். என்னைத் தடுத்த மறுநாளே இவ்வெல்லையின் உணவு வணிகம் சுழியமாகிவிடும். அடுத்த ஜூனில் அமைச்சர் எதைப் படித்துப் பெருமிதம் கொள்வார்? ஒரே அரசு, ஒரே உரையில், ஒரே பெண்மணியை வாழ்த்தி வரவேற்று, அவள் வராதிருக்க இருபத்தெட்டுக் கோடியும் செலவிடுவது, கெட்டிக்கார வீட்டுக்காரி எவளும் செய்யாத காரியம். ஆகவே அந்த ஒதுக்கீட்டை முழுமையாக ரத்துச் செய்யுமாறு கோப்பில் எழுதி, இக்கடிதத்தை இணைப்பாக வைத்து, உன் மேலதிகாரியின் மேசைக்கு அனுப்பு. எழுத்துப்பிழை இருந்தால் திருத்தாதே, இராது.

உன் அம்மாவின் முழங்காலுக்கு என் அனுதாபம். குழந்தைகள் தினமும் பல் துலக்கி, பட்டம் பல பெற்று, எல்லையில்லாத பெருவாழ்வு வாழ்க.

இங்ஙனம்,
பெர்பெத்துவா நெரிமா,
உரிமையாளர் (இரு நாடுகள்).

பி.கு.: பேருந்தில் கொடுத்தனுப்ப ஆள் கிடைக்காமல் இக்கடிதம் ஒன்பது நாள் மாவு டப்பாவின் மேல் கிடந்துவிட்டது. மேலே கண்டவற்றுள் நலம் விசாரித்தது மட்டும் செல்லும்; மற்றவற்றை யாருக்கும் காட்டாதே. வேலி வேலை ஆற்றங்கரை முனையில் தொடங்கிவிட்டது. அறுபத்திரண்டு ஆட்கள், மூன்று வேளை. போதாததற்குக் கிப்லகாட்டின் ஆறு காவலர்கள். சுற்று வட்டாரத்தில் வேறு கடை ஏது? ஆகவே ஒதுக்கீட்டைத் தயவுசெய்து ரத்துச் செய்துவிடாதே. முடிந்தால் கூட்டு. ஆனால் மொத்தமாக ஒரே ஆண்டில் கொடுத்துவிடாமல், பொறுப்புள்ள அரசுக்கு அழகாக ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல். இந்த வேகத்தில் போனால் வேலி என் பலகைக்கு வர நான்கு ஆண்டு ஆகும் என்று இன்ஜினியர் நேற்றுச் சொன்னார். "உங்க சாப்பாட்டைச் சாப்பிட்டா மத்தியானம் ஒருத்தனுக்கும் கை ஓட மாட்டேங்குது, நெரிமாம்மா" என்றும் சொன்னார். இன்று முதல் களியைச் சற்றுக் கெட்டியாகவே கிளறுகிறேன்.