குயிலம்மா கொடுத்த கூட்டுச் சான்றிதழ்

ஒரு காட்டில், செல்போன் டவர் எட்டிப் பார்க்கிற ஓரத்தில், நாவல் மரம் ஒன்று இருந்தது. அதன் தெற்குக் கிளையில் கமலாட்சி என்ற காக்கை தன் கணவன் சொக்கலிங்கத்தோடு குடியிருந்தாள். கட்டுக்கம்பி, ஒயர், பல் போன சீப்பு, மூக்குக்கண்ணாடியின் ஒற்றைக் கால் எல்லாம் வைத்துக் கட்டிய கூடு. பார்க்கச் சகிக்காது. ஆனால் மூன்று ஆடிக் காற்றுக்கும் அசையாத கூடு.

அந்த வருஷம் காட்டில் எங்கே திரும்பினாலும் பழைய காலத்து வீட்டு அழகு பற்றியே பேச்சு. அணில் தேங்காய் நாரில் மிதியடி பின்னியது. கரையான்கள் புற்று வாசலில் காவிப் பட்டை அடித்தன. பாம்புகூடக் குடிபோவதற்கு முன்னால், "சுவர் கையால பூசினதுதானே?" என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே போனதாகக் கேள்வி.

இத்தனைக்கும் காரணம் ரஞ்சிதம் என்கிற குயில். சுற்றுலா வந்த யாரோ விட்டுப்போன செல்போனில் அவள் தினமும் ஒரு வீடியோ போட்டாள். "நம்ம முன்னோருங்க கையால பின்னின கூட்டுல எப்படி ஒரு நிம்மதி இருந்துச்சு தெரியுமா?" என்று அவள் குழைந்தால் மரமே உருகும். குயில் வம்சத்தில் ஆதிநாள் தொட்டு ஒருத்தரும் கூடு கட்டியதில்லை என்பது ஊரறிந்த விஷயம். அந்தக் குரல்கூட அவளுடையது இல்லை. இலைக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் புருஷன் கொடுத்தது. இருந்தாலும் என்ன, கேட்க நன்றாக இருந்தது.

கேட்டுக்கொண்டிருந்ததோடு விட்டிருக்கலாம். மர நலச் சங்கம் ஒரு விதியே போட்டுவிட்டது. பாரம்பரியத் தோற்றம் இல்லாத கூடுகள் ஆடி பிறப்பதற்குள் கிளையைக் காலி செய்ய வேண்டும். தோற்றத்துக்குச் சான்று தர வேண்டியவர் ரஞ்சிதம். சங்கத்தின் செயலாளர் ஓணான். எதைச் சொன்னாலும் தலையாட்டுவது அவருக்குப் பிறவிக் குணம். அதையே ஒப்புதலாக எடுத்துக்கொள்வது மற்றவர்கள் வழக்கம்.

விதியைக் கேட்டதும் கமலாட்சி கூட்டுக்குப் பறந்தாள். கூட்டில் மூன்று முட்டைகள் இருந்தன. கிளை போனால் அவற்றை எங்கே தூக்கிக்கொண்டு போவது? அன்றே போய் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நத்தை நின்றதால் வரிசை நகரவே இல்லை. வீட்டை முதுகிலேயே வைத்திருக்கிற நத்தைக்குச் சான்றிதழ் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஒருவழியாகப் படிவம் கிடைத்தது. முதல் கேள்வி: 'கூடு முன்னோர் கட்டியதா, முன்னோர் கட்டியது போல நீங்கள் கட்டியதா?' கமலாட்சி யோசித்து, 'முன்னோர் பார்த்தால் கோபிக்க மாட்டார்கள்' என்று எழுதினாள்.

ரஞ்சிதம் நேரில் வந்தாள். கூட்டைச் சுற்றி வந்து மூக்கைச் சுளித்தாள்.

"அக்கா, இது கூடா, பழைய இரும்புக் கடையா?"

கமலாட்சிக்கு அவமானமாகப் போய்விட்டது. இத்தனை நாள் அவள் அந்தக் கம்பிகளைப் பெருமையாகத்தான் நினைத்திருந்தாள்.

"கம்பி எல்லாத்தையும் உருவிடுங்க. தேங்காய் நார் போடுங்க, மேல இலவம்பஞ்சு, விளிம்புல வேப்பிலை. அப்புறம் கிண்ணம் நல்லா அகலமா இருக்கட்டும். வர்றவங்க சௌகரியமா உட்காரணும்ல?"

"கம்பி இல்லைன்னா காத்துக்கு நிக்காதும்மா," என்றார் சொக்கலிங்கம்.

"நிக்கிறது முக்கியமில்லீங்கண்ணா. மனசுக்கு நிறைவா இருக்கணும்."

நான்கு நாள் அலகு நோக வேலை நடந்தது. சொக்கலிங்கம் உருவிய கம்பிகளைப் பக்கத்துப் பொந்தில் ஒளித்துவைத்தார். கூடு முடிந்ததும் கமலாட்சி எதிர்க்கிளையில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். உண்மையிலேயே அழகாக இருந்தது. சான்றிதழ் கிடக்கட்டும், தனக்காகவே இதை முன்னமே செய்திருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது.

பார்வையிடும் நாள் வந்தது. ரஞ்சிதத்துக்குக் கட்டணம் எதுவும் வேண்டாமாம். "படம் எடுக்கிறப்ப வீட்டுக்காரங்க குறுக்க நிக்கக் கூடாது, அவ்வளவுதான். அரை மணி நேரம் வெளியில இருங்க," என்றாள். அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் எதிர்மரத்தில் உட்கார்ந்து கூவ ஆரம்பித்தான். குயில் கூவினால் துரத்துவது காக்கைகளுக்குக் கை அரிப்பு மாதிரி. இருவரும் அவனை ஆற்றங்கரை வரை விரட்டிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினார்கள்.

சான்றிதழ் தயாராக இருந்தது. கூட்டில் முட்டைகளும் மூன்றுதான் இருந்தன. ஒன்று மட்டும் கொஞ்சம் சின்னது, நிறமும் மங்கல்.

"இது என்னம்மா?"

"அதுவாக்கா? அலங்காரம். மண் நிறம்தான் இப்ப எல்லா வீட்டுலயும் வைக்கிறாங்க. மேல உட்கார்ந்து சூடு குடுத்தா பளபளப்பு ஏறும்."

மற்ற இரண்டுக்கும் சூடு கொடுக்கத்தானே போகிறோம், இதுவும் கிடக்கட்டும் என்று கமலாட்சி உட்கார்ந்தாள்.

ஆடி பிறந்தது. முதல் காற்றிலேயே நார்க்கூடு ஒரு பக்கம் சாய்ந்தது. சொக்கலிங்கம் பொந்திலிருந்து கம்பிகளை எடுத்துவந்து அடியில் செருகினார். வெளியே தெரியாமல் கமலாட்சி பஞ்சை இழுத்து மூடினாள். பாரம்பரியம் நின்றது.

மறுநாள் அலங்காரப் பொருள் வாயைத் திறந்து, "பசிக்குது!" என்றது.

கமலாட்சி மற்ற இரண்டையும் எண்ணிப் பார்த்தாள். அப்படியானால் தன்னுடைய மூன்றாவது முட்டை? அழுகையும் ஆத்திரமுமாக ஓணானிடம் ஓடினாள். அவர் முதலில் தலையாட்டினார். பிறகு சான்றிதழைப் படித்தார்.

"முட்டை மூணும் தோற்றத்தில் அடக்கம்னு போட்டிருக்கும்மா. ஒண்ணை வெளியேத்தினாலும் சான்றிதழ் ரத்து. கிளையைக் காலி பண்ணணும்."

அவள் நேரே ரஞ்சிதத்திடம் போனாள். 'தாய்மையும் பஞ்சு மெத்தையும்' என்று அடுத்த வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கடி என் முட்டை?"

"படத்துல நாலு அடங்கலைக்கா," என்றாள் ரஞ்சிதம், தன் சொந்தக் குரலில். அது கரகரவென்று இருந்தது.

"உன் பிள்ளையை இப்பவே உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ!"

ரஞ்சிதம் வியப்போடு பார்த்தாள். "எனக்கு எதுக்குக்கா வீடு?"

ஆடிக் காற்றில் இரண்டு முட்டைகளோடு நடுத்தெருவில் நிற்க முடியாது. கமலாட்சி திரும்பிவந்து, வழியில் பிடித்த புழுவை அந்தச் சிவந்த வாயில் திணித்தாள். அது இன்னும் கேட்டது. அவளுக்கு அதன்மேல் கோபம்கூட வரவில்லை. அதுவும் நம்பித்தானே வாயைத் திறக்கிறது.

அன்று மாலை பக்கத்துக் கிளைக்குப் புதிதாய்க் குடிவந்த மைனாத் தம்பதி எட்டிப் பார்த்தார்கள்.

"அக்கா, போன்ல உங்க கூட்டைப் பார்த்தோம். கண்ணு எடுக்க முடியலை! அந்த மண் நிற முட்டை எங்க கிடைக்கும்?"

கமலாட்சி வாயைத் திறந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் நினைத்தாள். சொன்னால் இந்த மரத்தில் ஏமாந்தவள் என்று அவள் ஒருத்திதான் இருப்பாள்.

"குயிலம்மாகிட்டதான் கேக்கணும்," என்றாள். "சீக்கிரமா கேளுங்க. தீர்ந்துடும்."

நீதி: வீட்டை எப்போதும் அழகாக வைத்திருங்கள். முட்டையிட வருபவர்களுக்கு வசதியாக இருக்கும்.