டார்லீனின் காரில் தட்டும் சத்தம்

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த அர்வோவின் நெற்றியில் மூன்றாவது முறையாக எண்ணெய் சொட்டியது.

"உயிரோட இருக்கியா?" என்று வெளியிலிருந்து லெனார்ட் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர். இருவரும் இரும்புச் சுரங்கத்தில் முப்பது வருஷம் ஒன்றாகத் துளை போட்டவர்கள்.

"இருக்கேன். அந்தப் பெரிய ஸ்பேனரைத் தள்ளு."

"பேசாம ஒரு மெக்கானிக்கிட்ட விட்டுத் தொலையேன்டா."

"என் வீட்டு வண்டியில வேற ஒருத்தன் கை வச்சதில்ல."

அந்த ஊர் ஆண்கள் மெக்கானிக்கிடம் போவதும் ஆஸ்பத்திரிக்குப் போவதும் ஒன்றுதான். யாராவது தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு.

கார் அவர் மனைவி டார்லீனுடையது. டார்லீன் போய் ஐந்து வாரம் ஆகிறது. சனிக்கிழமை அஸ்தியை ஏரியில் கரைக்க வேண்டும். "என் கார்லயே கூட்டிட்டுப் போ" என்று படுக்கையில் சொன்னாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், "எஞ்சினுக்குள்ள யாரோ கதவைத் தட்டற மாதிரி இருக்கு" என்றாள். அர்வோ காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் தேய்ஞ்சிருக்கு. வசந்தத்துல மாத்திடறேன்" என்றார். பிறகு, பனி விழுவதற்குள் என்றார். பிறகு மறுபடியும் வசந்தம். கடைசி இரண்டு வருஷம் அவள் கேட்கவே இல்லை. அலுத்துப்போய் அந்தச் சத்தத்தோடேயே ஓட்டியிருக்கிறாள் என்று நினைத்தால் அர்வோவுக்குச் சோறு இறங்கவில்லை. அதே சத்தத்தோடு அவளைக் கடைசியாக ஏற்றிக்கொண்டு போக மனம் ஒப்பவில்லை.

பிரிப்பதற்கு முன்பு வண்டியைக் கிளப்பி இருவரும் காது கொடுத்திருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் லெனார்ட்.

"உன் காது சுரங்கத்தோட போச்சு. எனக்கு நல்லாவே கேக்குது."

இப்போது எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டைத் தாங்கும் அரைவட்ட பேரிங்குகளை ஒவ்வொன்றாக உருவி வெளியே நீட்டினார்.

"பளபளன்னு இருக்கேடா" என்றார் லெனார்ட்.

"தேய்ஞ்சாத்தான் பளபளக்கும். நீ சும்மா இரு."

வாங்கி வைத்திருந்த புதிய பேரிங்குகளைப் போட்டு, எல்லாவற்றையும் முடுக்கி, வியாழக்கிழமை மதியம் சாவியைத் திருப்பினார். பழைய சத்தம் கதவைத் தட்டும் சத்தம் என்றால், இது கதவை உடைக்கும் சத்தம்.

"இப்ப எனக்கே கேக்குது" என்றார் லெனார்ட்.

"எண்ணெய் லேசா இருக்கு, அதான்."

கெட்டியான எண்ணெய் ஊற்றினார். சத்தம் குறையவில்லை, எண்ணெய் அழுத்தம் இறங்கினால் எரியும் சிவப்பு விளக்கு வேறு எரிந்தது. எண்ணெய் பம்ப்பை மாற்றினார். ஒரு போல்ட் உடைந்தது. தெருவை ஒரு சுற்று சுற்றினால் எல்லாம் படிந்துவிடும் என்று கிளம்பினார். திரும்பி வருகையில் லெனார்டின் டிரக் முன்னால் வந்தது, கார் கயிற்றில் பின்னால் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் அடியில் படுத்தார். கிராங்க் தண்டில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடுகள் விழுந்திருந்தன. வெகுநேரம் அவர் வெளியே வரவில்லை.

பிறகு பழைய பேரிங்குகளையும் புதியதையும் ஒரு காபி டப்பாவில் போட்டுக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனார். முன்னால் பெக் வியாபாரம் பார்ப்பாள். பின்னால் அவள் புருஷனின் பட்டறை.

டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தார். "மட்டமான சரக்கைக் கொடுத்துட்டியே பெக். நாளைக்கு நான் டார்லீனை எதுல கூட்டிட்டுப் போவேன்?"

பெக் புதியதைத் திருப்பிப் பார்த்தாள். "சரக்கு நல்ல சரக்குதான். கம்பெனி அளவு." பழையதின் முதுகைத் துணியால் துடைத்து, அங்கே பொறித்திருந்த அளவைக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தாள். அவள் முகம் மாறியது.

"இதைத் திருப்பிப் பார்த்தீங்களா பெரியவரே? இது தடிச்ச அளவு. கிராங்க்கை இழைச்சு மெலிசாக்கினப்புறம் போடறது. அதுல போய்க் கம்பெனி அளவைப் போட்டா லொடலொடன்னு ஆடாம என்ன செய்யும்?"

"இழைச்சதா? அந்த எஞ்சினை ஒரு பய தொட்டதில்ல!"

பெக் பட்டறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, நீங்க மான் வேட்டைக்குப் போயிருந்தப்ப, டார்லீன் அக்காதான் இந்தப் பட்டறையில கொண்டுவந்து விட்டாங்க. 'அவருக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரே'ன்னு நான்கூடக் கேட்டேன். 'எங்க தெரியப்போகுது, அவர் ஒருநாளும் அதைப் பிரிக்கப் போறதில்லை'ன்னாங்க."