நாற்பத்தெட்டு டைல்ஸ்

"இன்னொரு பெட்டி சேத்தி வாங்கோணுங்ணா. வெட்டறப்ப ஒண்ணு ரெண்டு உடையும்" என்றார் டைல்ஸ் போட வந்த மல்லப்பன்.

"உடையாது. ஹால் பதினாறுக்குப் பன்னெண்டு அடி. டைல்ஸ் ரெண்டுக்கு ரெண்டு. நாப்பத்தெட்டு. முடிஞ்சுது" என்றார் மகேந்திரன்.

ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்த நாளாக அவர் வாடகை வீடுகளில்தான் குடியிருந்தார். இப்போது அங்கேயே விஜயநகரில் சொந்த ஃபிளாட். பில்டர் சிமெண்ட் தரையோடு விட்டுவிட்டார். மிச்சத்தைத் தானே கணக்குப் போட்டு முடிப்பதென்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார் மகேந்திரன். வாட்ச்மேன்தான் கதவைத் திறந்துவிட்டிருந்தார்.

மல்லப்பன் போட்டார். கடைசி வரிசை முடிந்தபோது சுவரோரம் மூன்று அங்குலம் வெறுந்தரையாகக் கிடந்தது.

"கட்டடம் கோணலுங்ணா."

"கட்டடம் எப்படியோ இருக்கட்டும். ஒரு டைல்ஸ வெட்டினா அந்த இடுக்கு அடைஞ்சுரும்."

கடைக்காரர் பெட்டியைப் பிரிக்க மறுத்தார். அந்த ரகம் தீர்ந்தும் போயிருந்தது. மகேந்திரன் விடவில்லை. பார்வைக்கு வைத்திருந்த ஒற்றை டைல்ஸைக் கெஞ்சி வாங்கிவந்தார். அது நாள்பட்டு நிறம் மாறியிருந்தது. பதித்துப் பார்த்தால், வெள்ளைத் தரைக்கு ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் கரை கட்டியதுபோல் இருந்தது.

"நாலு பக்கமும் பிரவுன் பார்டர் வெச்சுரலாம். டிசைன்னு நெனச்சுக்குவாங்க."

"ஓரத்து டைல்ஸ் பூராவும் பேத்து, வெட்டிப் போடோணுங்ணா."

"பேத்துருங்க."

பெயர்த்ததில் ஐந்து உடைந்தன. மகேந்திரன் முழங்காலில் சாக்பீஸோடு தவழ்ந்து மறுபடி கணக்குப் போட்டார்.

அப்போது மனைவி சுசித்ரா போன் செய்தாள். "ஏனுங்க, நான் வந்து பாக்கட்டுங்களா?"

"முடிஞ்சப்பறம் வா. இப்ப கணக்குல இருக்கறேன்."

கணக்கு வந்துவிட்டது. "மல்லப்பா, நடுவுல அஞ்சு எடுத்து ஓரத்துல போடுங்க. நடுவுல உடைஞ்ச துண்டையெல்லாம் வெச்சு ஒரு தாமரை."

"அண்ணா, எனக்குத் தாமரை வராதுங்ணா."

"எனக்கு வரும்."

மகேந்திரனே உட்கார்ந்து பதித்தார். முதலில் முட்டைக்கோஸ் போலிருந்தது. பிரவுன் துண்டுகளைச் செருகிய பிறகு நட்சத்திர மீன் போலானது. கலைத்தார், மீண்டும் பதித்தார். முதுகு பிடித்துக்கொண்டது. மத்தியானச் சாப்பாடு மறந்துபோனது. சாயங்காலம் அது ஒருவழியாகத் தாமரையாக மலர்ந்தபோது, சலித்துப்போயிருந்த மல்லப்பனே இரண்டு அடி பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்ணா இருக்குது" என்றார்.

ஒரு துண்டுகூட மிச்சமில்லை. மகேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. தரையைத் துடைத்து, சட்டையை உதறிக்கொண்டு, "வா" என்று சுசித்ராவுக்குச் செய்தி அனுப்பினார்.

மேலிருந்து படியிறங்கி வரும் சத்தம் கேட்டது. கையில் சாவிக்கொத்தோடு ஒரு கணவனும் மனைவியும் உள்ளே வந்தார்கள். மகேந்திரன் இதற்குமுன் அவர்களைப் பார்த்ததில்லை. அந்த அம்மாள் தாமரையைப் பார்த்ததும் கன்னத்தில் கைவைத்து நின்றுவிட்டாள்.

"பாருங்க! மேல் வீடு இன்னும் வெறும் சிமெண்ட் தரையாத்தான் கிடக்கு, நம்ம வீட்டுக்கு மட்டும் பில்டர் கேக்காமலே டைல்ஸ் போட்டுக் குடுத்திருக்காரு!"