நாடா அத்தான் மழைக்காட்டில் நடந்த விதம்

இலங்கையின் தெற்கிலுள்ள சிங்கராஜ மழைக்காட்டுக்குக் குடும்பமாகப் போன ஆவணி நாளுக்கு என் குறிப்பில் மூன்று சொற்களே உள்ளன: மழை, அட்டை, அத்தான். மழைக்குக் குடை உண்டு. உப்புப் போட்டால் அட்டை விழும். அத்தானுக்கு மருந்தில்லை.

மன்னார்த் தீவிலேயே புல்லைக் கண்டு பயப்படும் ஒரே மனிதர் என் அக்காவின் கணவர். எங்கள் ஊரான கீரியில் எல்லோருக்கும் அவர் 'நாடா'. கண்ணிவெடி அகற்றும் வேலையில் பல வருடம் இருந்து, ஆபத்தான நிலத்தைச் சுற்றி நாடா கட்டியவர். வேலை முடிந்தது, நாடா முடியவில்லை. வீட்டிலிருந்து கிணற்றுக்குப் போகும் வழியின் இருபுறமும் நாடா, கோழிக்கூட்டுக்கு நாடா. மடு மாதா கோயில் திருவிழாவில் எங்கள் கூடாரத்திலிருந்து கக்கூசு வரை கட்டினார். ஏதோ விசேஷ வழியாக்கும் என்று முன்பின் தெரியாத சனமெல்லாம் அதற்குள் வரிசையில் நின்றது.

"அங்க சண்டையே நடக்கேல்லையப்பா," என்று சொல்லிச் சொல்லித்தான் அக்கா அவரைக் காட்டுக்குக் கூட்டிவந்தாள்.

வழிகாட்டி கொஞ்சம் தமிழ் பேசும் சிங்கள இளைஞர். "ஐயா, இங்க அட்டை மட்டும்தான்," என்றார்.

"எங்களுக்கும் ஒண்டுமில்லை எண்டுதான் சொன்னவை, தம்பி," என்ற அத்தான் எங்கள் பக்கம் திரும்பினார். "நான் வைச்ச காலடியில வையுங்கோ. வேற இடத்தில வைக்காதேங்கோ."

அவர் காலடிக்கு அக்கா தாவினாள், அக்காவின் காலடிக்கு என் மனைவி. வானத்தை மறைத்து நின்ற மரங்களை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வரிசையில் கடைசி ஆளைத்தான் அட்டை அதிகம் பிடிக்கும் என்று வழிகாட்டி பிறகு சொன்னார். கடைசி ஆள் நான்.

மழை பிடித்தது. மரப்பாலம் எப்படி இருக்கிறதென்று பார்க்க வழிகாட்டி முன்னால் போயிருந்தார். அத்தானின் காலடி ஒன்று அக்காவுக்கு எட்டவில்லை. தாவியவள் சறுக்கி, சருகோடு சரிவில் உருண்டு, கீழே ஓடைக்குள் கிடந்தாள்.

"அசையாதை," என்று அத்தான் கத்தினார்.

"அசைஞ்சுதான் இஞ்ச வந்தனான். கால் மடங்கிப்போச்சு. வந்து தூக்குங்கோ."

அவர் பாதையோரம் மண்டியிட்டு, ஒரு குச்சியை முறித்து, சருகை மெல்லக் குத்திப் பார்க்கத் தொடங்கினார். நான் இறங்கப்போனேன். மற்றக் கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். நான் இழுத்தும் பிடி தளரவில்லை.

ஓடை கலங்கிப் பெருகி அக்காவின் இடுப்பைத் தொட்டது.

"இஞ்சேருங்கோ, தண்ணி ஏறுது." இந்த முறை குரலில் சிரிப்போ பகிடியோ இல்லை.

அத்தான் என் சட்டையை விட்டார். குச்சியைப் போட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒருவரும் மிதிக்காத சருகுக்குள் இறங்கி ஓடினார்.

அக்காவை முதுகில் சுமந்துகொண்டு ஏறி வந்தவர், பாதையில் அவளை இருத்திவிட்டு வாந்தியெடுத்தார். அவள் அவருடைய காலிலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் கண்ணிவெடியில் சிக்கிய அவருடைய தம்பி கூப்பிட்டபோது, வேலை விதிப்படி அவர் நாடாவைத் தாண்டாமல் இப்பால் நின்றார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. இருவர் இரு விதமாகச் சொன்னார்கள். அது உண்மையா என்பதை இன்றுவரை நான் உறுதி செய்யவில்லை. சொல்லக்கூடியவர் அத்தான் ஒருவர்தான். அவரிடம் நான் கேட்கமாட்டேன்.