ஹெல்மெட்டுக்குள் சொன்ன பாதிக் கதை

புத்தூர், திருச்சி
தை 25, ஞாயிறு

சிரஞ்சீவி மாப்பிள்ளை சித்தார்த்தன் அவர்களுக்கு மாமனார் நல்லதம்பி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் உங்கள் அத்தை மகாலட்சுமி நலம். நானும் நலம் என்று அவள்தான் சொல்கிறாள். அவ்விடம் பூனாவில் நீங்களும் ரஞ்சனியும் சௌக்கியமாக இருக்க ரங்கநாதர் அருள் புரியட்டும். போன் இருக்க எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் பேசினால் என் மகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். இது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

விஷயம் இதுதான். என் ஸ்கூட்டர் சாவி பதினோரு நாளாக உங்கள் அத்தையின் இடுப்பில் இருக்கிறது. ரஞ்சனி உத்தரவு. பங்குனிக்குள் வண்டியையே விற்றுவிட வேண்டுமாம். முப்பத்துநாலு வருஷம் பிள்ளைகளுக்குச் சரித்திரம் நடத்தி ரிட்டயரான எனக்கு மிச்சமிருக்கிற ஒரே சுதந்திரம் அந்த வண்டிதான். அதுவும் போய்விட்டால் காலையில் எழுந்து எங்கே போவேன், ஹாலிலிருந்து சமையலறைக்கா? நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். நீங்கள்தான் அவளிடம் பேசிச் சாவியை மீட்டுத் தர வேண்டும்.

எல்லாம் நீங்கள் அனுப்பிய ஹெல்மெட்டில் ஆரம்பித்தது. உங்களைக் குறை சொல்லவில்லை. பொங்கல் சீர் அனுப்பிய மாமனாருக்குப் பதில் சீர் அனுப்பிய மாப்பிள்ளை இந்த ஜில்லாவிலேயே நீங்கள் ஒருவர்தான். ஆனால் நான் சரித்திர வாத்தியார், பூர்வீகம் தெரியாமல் எதையும் தலையில் வைக்கிற பழக்கம் இல்லை, ஆகவே இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். ரோமாபுரிச் சிப்பாய்க்குக் கன்னத்தையும் சேர்த்து மூடிய கவசம் இருந்தது. ஐரோப்பியப் பிரபுக்கள் முகம் முழுக்க இரும்பால் மூடிக்கொண்டு, யார் எவர் என்று தெரியாமல் வெட்டிக்கொண்டார்கள். ஜெர்மன்காரன் தோல் தொப்பியின் உச்சியில் ஒரு கூர்முனையை நட்டுக்கொண்டு முதல் உலகப் போருக்குப் போனான். பதுங்கு குழிக்கு மேலே அந்த முனை நீட்டிக்கொண்டு, ஆள் இங்கே இருக்கிறான் என்று காட்டிக்கொடுத்தது. அடுத்த போரில் அமெரிக்கச் சிப்பாய் எஃகுத் தொப்பியில் தண்ணீர் பிடித்து முகச் சவரம் செய்தான். இந்தக் கடைசித் தகவலை மட்டும் உங்கள் அத்தையிடம் சொல்லியிருக்கக் கூடாது. அன்று சாயங்காலமே உங்கள் ஹெல்மெட்டில் பச்சைப் பட்டாணி உரித்துப் போட ஆரம்பித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பட்டாணியைக் கொட்டிவிட்டு அதற்குப் பூஜை போட்டாள். புது வண்டிக்குப் பொட்டு வைக்கிறோம், ஹெல்மெட் என்ன பாவம் செய்தது என்பது அவள் கட்சி. "மூஞ்சி இருக்கிற இடத்துலதாங்க பொட்டு வைக்கணும்" என்று முன்கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்து, ஸ்ரீரங்கம் போய்ச் சேருகிறவரை அழித்தால் அபசகுனம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நான் தில்லை நகர் தாண்டி, காவிரிப் பாலம் தாண்டி, இடது கண்ணால் பஸ்ஸையும் வலது கண்ணால் ஆட்டோவையும் பார்த்துக்கொண்டு போனேன். நேர் எதிரே என்ன வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ராஜகோபுரம் வந்தது. பெருமாளுக்கு முன்னால் தலையில் துண்டோடு போகிற வழக்கம் நமக்கு உண்டா? இல்லை. ஆகவே ஓடுகிற வண்டியிலேயே ஒரு கையால் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் எதிரே சப்-இன்ஸ்பெக்டர் அமிர்தம் நிற்கிறார். பாலம் முழுக்கப் போட்டுக்கொண்டு வந்த மனிதனைப் பிடித்தது, கழற்றிய அந்த அரை நிமிஷத்தில். நான் சாஸ்திரம் சொன்னேன். அந்தம்மா சிரிக்கவே இல்லை. "பெருமாளுக்கு மரியாதைய வண்டிய நிறுத்திட்டுக் குடுங்க சார். ஓடுற வண்டியில குடுத்தா, அவரே உங்கள நேர்ல கூப்பிட்டு வாங்கிக்குவாரு" என்றார். பிறகு என்ன வேலை பார்த்தேன் என்று விசாரித்தார். சொன்னதும் முகம் மாறியது. "அப்ப ஒண்ணு பண்ணுங்க. புதன்கிழமை தில்லை நகர் கல்யாண மண்டபத்துல சாலைப் பாதுகாப்புக் கூட்டம். வந்து ஹெல்மெட் சரித்திரத்தப் பத்திப் பேசுங்க, அபராதம் வேண்டாம்" என்றார்.

பேசினேன் மாப்பிள்ளை. நன்றாகவே பேசினேன். முதல் உலகப் போரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்: சிப்பாய்களுக்கு இரும்புத் தொப்பி கொடுத்தபின், தலைக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை, ஏறிவிட்டது. இது கதையின் முதல் பாதி. இதைச் சொல்லி நிறுத்தி, சபையை ஒரு சுற்றுப் பார்த்தேன். வகுப்பில் அப்படி நிறுத்துவது என் வழக்கம். அந்த இடைவெளியில் குடியிருப்போர் சங்கத் தலைவர் அருள்ராஜ் ஒன்றரை மணி நேரம் தாமதமாக, காரில், வெறும் தலையோடு வந்து சேர்ந்தார். சபை எழுந்தது. பேச்சை நிறுத்திப் பேச்சாளருக்கு மரியாதை செய்வது நம் ஊர் மேடை வழக்கம். அன்று ஹெல்மெட் வாரமாகையால் பொன்னாடைக்குப் பதில், பின்னாலிருந்து யாரோ என் தலையில் ஒரு முழு ஹெல்மெட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். "அதற்குமுன் அவர்களெல்லாம் செத்துப்போனார்கள், இப்போது பிழைத்து, காயத்தோடு வந்தார்கள், அதனால்தான் கணக்கு ஏறியது" என்கிற இரண்டாம் பாதியை நான் முழுக்க முழுக்க அதற்குள்ளேயே சொன்னேன். எனக்கு மட்டும் கணீரென்று கேட்டது. வெளியே கைதட்டல் கூரையைப் பிய்த்தது. போட்டோ எடுத்தபின் அதைக் கழற்றித் தலைவருக்குப் போட்டார்கள், அப்புறம் பொருளாளருக்கு. ஒரே ஹெல்மெட் ஏழு தலை ஏறி இறங்கியது, ஒருவரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

மறுநாள் ஊரெல்லாம் என் வீடியோ. "ஹெல்மெட் போட்டால் காயம் கூடும்: வரலாற்றுப் பேராசிரியர்" என்று கொட்டை எழுத்தில். என்னைப் பேராசிரியர் ஆக்கியது ஒன்றுதான் லாபம். சந்துமுனை டீக்கடையில் முன்பின் தெரியாத வாலிபர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அமிர்தம் அம்மா போன் செய்து, "சார், உங்களுக்கு அபராதமே போட்டிருக்கலாம்" என்று வைத்துவிட்டார். வீடியோ பூனாவுக்கு வந்த அன்றே சாவி இடுப்புக்குப் போய்விட்டது.

ரஞ்சனிக்கு இரண்டாம் பாதியை எடுத்துச் சொல்லுங்கள். ஹெல்மெட்டுக்கு நான் விரோதி இல்லை. சண்டைக்குப் போகிறவனுக்கு அது வேண்டும். புத்தூரிலிருந்து ஸ்ரீரங்கம் போய்த் துளசி வாங்கி வருகிறவனுக்கு எதற்கு? உங்கள் அத்தையும்தான் முப்பத்தோரு வருஷமாக எனக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறாள். தலையில் பூவைத் தவிர ஒன்றும் வைத்ததில்லை. ஒரு கீறல் உண்டா, ஒரு புகார் உண்டா? வண்டி ஓட்டத் தெரிந்தவனுக்குக் கையும் கண்ணும்தான் கவசம். ஆகவே எந்த நிபந்தனையும் இல்லாமல் சாவி என் கைக்கு வர ஆவன செய்யவும்.

உங்கள் இருவருக்கும் சகல சம்பத்தும் உண்டாகட்டும். சம்பந்தி வீட்டாருக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
நல்லதம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. சாவிக்காக நீங்கள் பேச வேண்டாம். நான் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் எதிர்வீட்டுப் பிள்ளை ஆஷ்லி உங்கள் அத்தைக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. எல்.எல்.ஆர். கூட எடுத்தாகிவிட்டது. இன்று உங்கள் ஹெல்மெட்டை மாட்டி, வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு, "ஏறுங்க, ஸ்ரீரங்கம் போயிட்டு வரலாம்" என்றாள். லைசென்ஸ் உள்ள ஆள் கூட இருக்க வேண்டுமாம், அதற்குத்தான் நான். காவிரிப் பாலத்தில் இந்தப் பக்கம் பஸ், அந்தப் பக்கம் லாரி, நடுவில் என் வெறும் தலை. "மகாலட்சுமி, மெதுவா போ!" என்று கத்தினேன். அவள் திரும்பாமலேயே, "ஒண்ணும் ஆகாது, சும்மா வாங்க" என்றாள். முப்பத்தோரு வருஷமாக நான் அவளுக்குச் சொன்ன பதில் அது. அவள் புகார் சொல்லாமல் இல்லை மாப்பிள்ளை, எனக்குத்தான் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு எனக்கு ஒரு ஹெல்மெட் அனுப்பவும், பெரிய சைஸ். நாளை சாயங்காலம் உறையூர் போகலாம் என்கிறாள். பூனாவிலிருந்து கூரியருக்கு எத்தனை நாள் ஆகும்?